யார் மேலேயும் தப்பில்லை

எழுந்தேன். பல் துலக்கினேன். மோட்டார் போட்டேன். தொட்டி வழிந்ததும் அணைத்தேன். பால் காய்ச்சினேன். காப்பி கலந்து குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பின்கதவின் தாழ்ப்பாள் தேய்ந்துவிட்டது. உள்பக்கமாக ஒரு கம்பியைச் சுற்றி இறுக்கி வைத்திருக்கிறேன். கம்பி இருந்தது. முன்கதவைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. மறுபடியும் பின்கதவுக்குப் போனேன். கம்பி இருந்தது.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, போன் அடிக்கக் காத்திருந்தேன்.

ஒரு மாதமாக என் காலை இப்படித்தான். தினமும் ஏறக்குறைய இதே நேரத்துக்கு ஓர் அழைப்பு வரும். எடுப்பேன். யாரும் பேசமாட்டார்கள். மூச்சு மட்டும் கேட்கும். இரண்டு முறை ஹலோ சொல்வேன். மூன்றாவது முறை சொல்ல எனக்குக் குரல் வராது. அழைப்பு அறுந்துவிடும். திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருக்கும். பெயர் காட்டும் செயலியில் அந்த எண்ணுக்கு ‘பாய் கோழிக்கடை’ என்று வருகிறது. வில்லியனூரில் அந்தக் கடையைத் தேடிக் கண்டுபிடித்தேன். கடையை மூடி வெகுநாளாகியிருந்தது. யாரோ பழைய எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பயமுறுத்துகிறார்கள்.

பயமுறுத்துவது சுலபம். என் பெயர் செம்மல். மூலக்குளத்தில் இந்த வீட்டின் முன்னறைதான் என் துப்பறியும் நிறுவனம். பெரும்பாலும் கல்யாண விசாரணைகள்: மாப்பிள்ளை குடிப்பானா, கம்பெனியில் சொன்ன வேலைதான் பார்க்கிறானா. பெயர்ப்பலகை எழுதக் கொடுத்தவள் என் மனைவி சரிதா. “கரப்பான் பூச்சிக்குப் பயப்படுற துப்பறிவாளர்னு கீழ ஒரு வரி போடச் சொல்லட்டா?” என்று பெயின்டரின் எதிரிலேயே கேட்டாள்.

சரிதா இறந்து எட்டு மாதம் ஆகிறது. காலையில் வேலைக்குப் போகும்போது வில்லியனூர் சாலையில் அவள் ஸ்கூட்டரை ஒரு வண்டி இடித்தது. அடையாளம் தெரியாத மினி லாரி என்று சுண்ணாம்புக்காரத் தெரு ஸ்டேஷனில் எழுதினார்கள். தற்செயலாக அந்த வழியாக வந்த சப் இன்ஸ்பெக்டர் வெற்றிச்செல்வன், அவள் உயிர் போவதற்கு முன் சொன்னதைத் தன் காதால் கேட்டதாகவும் எழுதினார். ‘நான்தான் கவனிக்காமல் திரும்பிவிட்டேன். யார் மேலேயும் தப்பில்லை.’

அந்த இடத்தில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். “நான் எதையும் பாக்கல தம்பி. பாத்திருந்தா, பாத்ததுக்குன்னு தனியா அலையணும்” என்று சொல்லிவிட்டு டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். அதில் ஓட்டையே இல்லை. எங்கள் பகுதியில் யாரும் போலீஸிடம் எதையும் சொல்வதில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வழக்கை மூடக்கூடாது என்று போன மாதம் கோர்ட்டில் மனுப் போட்டேன். அந்த வாரமே அழைப்பு ஆரம்பமானது. நாளை வாய்தா. புதிதாக ஒரு சாட்சியைக் காட்டாவிட்டால், தப்பு சரிதாவினுடையதுதான் என்று முடித்துவிடுவார்கள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் எழவில்லை.

“தொறங்க சார். கொலகாரன் இல்ல, ரொட்டிதான்.”

திறந்தேன். என் உதவியாளர் வேம்பு. ஐம்பதைத் தாண்டியவர். அக்குளில் நீள ரொட்டி ஒன்றை இடுக்கியிருந்தார். மில் மூடியபிறகு ஊர்க்காவல் படையில் சில காலம் காக்கி போட்டவர். திருவிழா பந்தோபஸ்துகளில் போலீஸ்காரர்களோடு நின்று அவர்கள் குரல்களையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறார். வழக்கமாக இவ்வளவு சீக்கிரம் வரமாட்டார்.

“இன்னிக்கு என்ன வேம்பண்ணே, விடியறதுக்குள்ள?”

“நாளைக்கு வாய்தா. தூக்கம் வரல. வூட்ல கொறட்ட சத்தம் இல்லாம எம் பொண்டாட்டிக்கும் தூக்கம் வரல. போய்த் தொலன்னு அனுப்பிட்டா.”

போன் அடித்தது. பாய் கோழிக்கடை.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேம்பு என் முகத்தைப் பார்த்தார்.

“இவன்தானா அவன்?”

தலையசைத்தேன். அவர் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தொண்டையைச் செருமினார். பிறகு, பெரிய அதிகாரிகளின் தொனியில், அடிவயிற்றிலிருந்து ஒரு அதட்டல் போட்டார்.

“யாருய்யா லைன்ல? நம்பரச் சொல்லு!”

அந்தப் பக்கம் டக்கென்று இரண்டு குதிகால்கள் மோதும் சத்தம் கேட்டது.

“ஐயா! டபிள்யூ பி.சி. நாலு நாலு ஒம்பது, ஐயா!”

பெண் குரல். சொன்ன மறுகணம் ‘ஐயோ’ என்று ஒரு மூச்சு. அழைப்பு அறுந்தது.

வேம்பு போனைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

“சார், நானும் எத்தனையோ ரவுடிங்களப் பாத்திருக்கேன். மிரட்டறவன் எவனும் அட்டென்ஷன்ல நின்னு மிரட்ட மாட்டான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் முதல்முறையாக மூளை நகர்ந்தது.

ஒரு மாதமாக வாயே திறக்காத ஒருத்தி, ஒரு அதட்டலுக்குத் தன்னை முழுதாக ஒப்பித்துவிட்டாள். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். யோசிக்காமல் பதில் சொல்லத்தான் அவர்களைப் பழக்குகிறார்கள்.

“பெண் போலீஸ்,” என்றேன்.

“நாலு நாலு ஒம்பது ஹேமலதா நம்பரு. வீராம்பட்டினம் தேருக்கு எங்கூட டூட்டி பாத்துது. அப்ப சுண்ணாம்புக்காரத் தெரு ஸ்டேஷன்ல இருந்துது. இப்ப டிராபிக்குக்குத் தூக்கிட்டாங்க.”

நான் உள்ளே போனேன். பீரோவின் அடித்தட்டில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை இருந்தது. சரிதாவின் வாட்ச், சாவி, உடைந்த ஹெல்மெட்டின் வார். அவற்றோடு கறுப்பு நிறத்தில் சுருண்ட ஒரு பொருள். எட்டு மாதமாக அதைப் பார்த்து வருகிறேன். அது யாருடையது என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை.

கொண்டு வந்து மேசைமேல் விரித்தேன். கொண்டைக்குப் போடும் வலை.

“நர்ஸ் கழட்டிக் குடுத்தாங்க. தலையில காயத்துமேல கைக்குட்டைய மடிச்சு வச்சு, நழுவாம இருக்க இந்த வலையப் போட்டிருந்துதாம்.”

“சரி. அதுல என்ன?”

“சரிதாவுக்கு முடி தோள் வரைக்கும்தான். கொண்டையே போட முடியாது.”

வேம்பு வலையை விரலால் தொட்டார்.

“தொப்பி போடுற பொம்பளப் போலீசு எல்லாம் முடிய இதுக்குள்ளதான் அடக்கி வைக்கணும். ஒத்த முடி வெளிய தெரிஞ்சாலும் பரேடுல திட்டு விழும்.” நிமிர்ந்து பார்த்தார். “சார், ரிப்போர்ட்ல பொம்பளப் போலீசு யாரும் இல்லியே?”

“இல்ல. வெற்றிச்செல்வன் மட்டும்தான். ஆனா ஒருத்தி இருந்திருக்கா. தன் தலையில இருந்து கழட்டி சரிதா தலையில போட்டிருக்கா. அவ்வளவு கிட்ட இருந்தவ காதுலதான் கடைசிப் பேச்சும் விழுந்திருக்கும்.”

“அதான பாத்தேன். பால்ல தண்ணி ஊத்துனான்னு பால்காரன நடுத்தெருவுல நிக்க வச்ச பொண்ணு சரிதா. சாவற நேரத்துலயும் யார் மேலயும் தப்பில்லன்னு அது வாயில வருமா?” வேம்பு ரொட்டியை ஒடித்தார். “ஹேமலதா பேசணும்னுதான் கூப்புடுது. பேச வரல. நாமளே போய்க் கேட்டுடலாம்.”

அப்போது போன் மறுபடியும் அடித்தது. வேறு எண்.

“செம்மல் சாருங்களா? வெற்றிச்செல்வன் பேசறேன். டிபன் ஆச்சா?”

“ஆச்சு.”

“நாளைக்கு வாய்தா. ஞாபகம் இருக்குதில்ல?”

“இருக்குது.”

“நல்லபடியா முடிஞ்சிரும். சின்ன வயசு உங்களுக்கு. மனச விட்றாதீங்க. ஸ்டேஷன்ல அத்தன பேரும் உங்களுக்காக வருத்தப்படறோம்.”

“சரிங்க.”

“இன்னொன்னு. பின்கதவுத் தாழ்ப்பாள மாத்திடுங்க. கம்பி எத்தன நாளைக்குத் தாங்கும்? தனியா இருக்கறீங்க. பாத்துக்குங்க.”

வைத்துவிட்டார்.

கம்பி உள்பக்கம் இருக்கிறது. பின்னால் சந்து கிடையாது, ஆள் உயரச் சுவர்தான். அந்தக் கம்பியைப் பார்க்க வேண்டுமென்றால் ஒருவர் என் சமையலறையில் நின்றிருக்க வேண்டும்.

வேம்புவிடம் சொன்னேன்.

“வீட்டுக்கே வந்து பாதுகாப்பு பாத்துட்டுப் போயிருக்காரு. மத்த ஊர்ல இதுக்குக் காசு கேப்பான்,” என்றார். ஆனால் அவர் கையிலிருந்த ரொட்டித் துண்டு வாய்க்குப் போகவில்லை. “சார், பயமா இருக்குதா?”

“இருக்குது.”

“எனக்கும்தான். கெளம்புங்க. உக்காந்துட்டோம்னா எழுந்திருக்க மாட்டோம்.”

எங்கே போவது என்பதில் சிக்கல் இல்லை. ஹேமலதா கருவடிக்குப்பம் பக்கம் ஒரு நாற்சந்தியில் நிற்கிறாள் என்று வேம்புவுக்குத் தெரியும். போன வாரம்தான் அவரை அங்கே நிறுத்தித் திட்டியிருக்கிறாள். எப்படிப் பேசுவது என்பதுதான் சிக்கல். நான் அவள் பக்கத்தில் போய் நின்றால் ஸ்டேஷனுக்குச் செய்தி போய்விடும். அவள் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான்.

“போலீசு தானா நம்மகிட்ட வந்து பேசணும்னா ஒரே வழிதான் சார்,” என்றார் வேம்பு. “தப்பு பண்ணணும்.”

“என்ன தப்பு?”

“ஹெல்மெட்டக் கழட்டுங்க. வரும். நடுரோட்ல எவ்ளோ நேரம் வேணா பேசும். எவனும் கேள்வி கேக்க மாட்டான்.”

வேம்புவின் மொபெட்டில் கிளம்பினோம். அவர் ஓட்டினார். வில்லியனூர் சாலையில் அந்த இடம் வந்தபோது பஞ்சர் கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இருந்தேன். ஒரு பால் வண்டி. ஒரு காலேஜ் பஸ். ஒரு ஜீப். ஜீப் வளைவில் காணாமல் போயிற்று. அது எந்த ஜீப் என்று தெரியவில்லை.

“இன்னொரு வேடிக்க சார்,” வேம்பு காற்றில் கத்தினார். “அந்தப் பொண்ணு ஜீப்ல ஏறாதாம். டூட்டி முடிஞ்சி ஜீப்ல எடம் இருந்தாலும், ஆவாதுன்னுட்டு பஸ்ஸுக்கு நிக்குது. கேட்டா வாந்தி வரும்ங்குது. முன்னெல்லாம் மொத ஆளா ஏறி ஜன்னலோரம் புடிக்கும்.”

நாற்சந்திக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். நான் ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்தேன். சரிதா போன பிறகு ஒரு தெரு தாண்டுவதற்குக்கூட நான் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஏறியதில்லை. தலை லேசாகிவிட்டதுபோல், எது வந்து மோதினாலும் உடைந்துவிடும்போல் இருந்தது.

“நான் எப்பவும் ரெடி சார். எங்கிட்ட ஹெல்மெட்டே கெடையாது,” என்றார் வேம்பு.

வண்டி மறுபடி நகர்ந்ததும் விசில் கேட்டது.

சந்தியின் நடுவிலிருந்து அவள் வேகமாக வந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. வெயிலில் கறுத்த மெலிந்த முகம். தலையில் எங்கள் ஊர்ப் போலீஸின் சிவப்புக் கெப்பித் தொப்பி. கையை நீட்டி மொபெட்டை ஓரமாகக் காட்டினாள். அதன்பிறகுதான் பின்னால் இருந்த என்னைப் பார்த்தாள். விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது.

“ஓரங்கட்டு! ஹெல்மெட் எங்க?” குரல் மட்டும் பழக்கத்தில் வந்தது. சாலையோர ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் இறங்கி, லைசன்ஸை எடுத்து நீட்டினேன். அதன் அடியில் மடித்த வலை இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். முகம் அசையவில்லை. லைசன்ஸோடு வலையையும் வாங்கி விரலில் சுற்றிக்கொண்டாள்.

“போன் பண்ணது நான்தான் சார்,” என்றாள், எங்களுக்கு மட்டும் கேட்கும்படி. உடனே உரக்க, “ஆர்.சி. புக்க எடு! இன்சூரன்ஸ் இருக்குதா?”

“இருக்குதுங்கம்மா!” வேம்புவும் உரக்கக் கத்தினார். பிறகு மெதுவாக, “ஒரே வாயில ரெண்டு ரேடியோ பாடுதே.”

“ஏன் பேசல?” என்றேன்.

“நீங்க மனுப் போட்டது தெரிஞ்சதும், என் நம்பர் தெரியக்கூடாதுன்னு வேற சிம் வாங்கினேன். பேசணும்னுதான் சார் அடிப்பேன். ரோல்காலுக்கு நிக்கறதுக்கு முன்ன அடிப்பேன். நீங்க ஹலோ சொல்லுவீங்க. உங்க கொரல்ல இருக்குற பயத்தக் கேட்டா எனக்குப் பேச்சு நின்னுடும்.”

எதிர்ப்பக்கம், டீக்கடை முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் தலையில் அதிகாரிகள் போடும் காக்கித் தொப்பி. வெற்றிச்செல்வன். அவர் எங்களைப் பார்க்காததுபோல டீ சொன்னார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்.

நான் அந்தப் பக்கம் திரும்பப் போனேன்.

“திரும்பிப் பாக்காதீங்க,” என்றாள். “எத்தன தடவ சொல்றது? உசுரு மேல ஆச இல்லியா?” இது ஊருக்கு.

“அந்த லாரி எந்தப் பக்கமிருந்து வந்துது?” என்று கேட்டேன்.

அவள் லைசன்ஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“லாரி இல்ல சார்.”

“பின்ன?”

“ஜீப்பு. ஸ்டேஷன் ஜீப்பு.”

வேம்பு இறங்கி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார்.

‘தற்செயலாக’ அந்த வழியாக வந்த ஜீப். எட்டு மாதம் நான் அந்தத் ‘தற்செயல்’ என்ற வார்த்தையைச் சுற்றியே வந்திருக்கிறேன். எதிரே பெஞ்சில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரைக் கண்ணால் காட்டினேன்.

“அவருதான் ஓட்டினாரா?”

“இல்ல சார். அவரு பக்கத்து சீட்ல.” லைசன்ஸைத் திருப்பித் தந்தாள். “நான் ஓட்டுனேன்.”

ஜன்னலோர இடத்துக்கு முந்தியவள் இப்போது பஸ்ஸுக்கு நிற்பது ஏன் என்று புரிந்தது. சந்தியில் ஒரு பஸ் வழி கிடைக்காமல் ஹாரன் அடித்தது. அவள் திரும்பாமலே கையை உயர்த்தி அதைப் போகச் சொன்னாள்.

“டிரைவர் அன்னிக்கு வரல. ரவுண்ட்ஸ் போவணும். ஐயா சாவியத் தூக்கிப் போட்டாரு. எனக்கு ஸ்கூட்டி மட்டும்தாங்கய்யா வரும், லைசன்ஸும் அதுக்குத்தான்னேன். ‘நான் சொல்றேன் இல்ல, ஓட்டு’ன்னாரு. ‘ஐயா’ன்னு சொல்லிட்டு ஏறிட்டேன் சார். அந்த ஒரு வார்த்தைய மட்டும்தான் அங்க கத்துக்கிட்டேன். உங்க சம்சாரம் அவங்க வழியிலதான் வந்தாங்க. நான் பிரேக்குன்னு நெனச்சி வேற எதையோ மிதிச்சேன்.”

“ஜீப்பிலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே?”

“கெஞ்சுனேன் சார். ‘இரு, மேல கேட்டுட்டுச் சொல்றேன்’னு போனக் காதுல வச்சிக்கிட்டு நடந்தாரு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நடந்துகிட்டே இருந்தாரு. நான் கீழ உக்காந்து தலைய மடியில வச்சிருந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் யாரும் என்னத் திட்டல சார்.” அதைத்தான் தாங்க முடியாததுபோலச் சொன்னாள். “டீ வாங்கிக் குடுத்தாங்க. மொகம் கழுவச் சொன்னாங்க. ‘நம்ம பொண்ணு, நாம விட்றுவமா’ன்னாங்க. மொத்த ஸ்டேஷனும் அவ்ளோ அன்பா இருந்துது. ரெண்டு நாள் கழிச்சி ரிப்போர்ட்ல அந்தம்மா சொன்னதா அப்பிடி எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சிது. கேட்டேன். ‘உனக்காகத்தான்மா’ன்னாரு. அன்னிக்குதான் சார் எனக்குப் பயம் வந்துது. இன்னும் போவல.”

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். என் மனைவியை இடித்தவள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறாள். கோபம் வரவில்லை. அவள் சட்டைப் பொத்தானில் ஒன்று வேறு நிறத்தில் தைக்கப்பட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக எங்கள் இரண்டு பேர் காலையும் ஒரே பயத்தில் விடிந்திருக்கிறது.

“நாளைக்கு வந்து சொல்ல முடியுமா?” என்றேன்.

“சொன்னா நான்தான் சார் மொதல்ல உள்ள போவேன்.”

“தெரியுது.”

அவள் சந்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

“சரிதா என்ன சொன்னா? அதையாவது சொல்லுங்க. கடைசியா என்ன சொன்னா?”

“சொல்றேன் சார். அதுக்குத்தான் தினமும்...” நிறுத்திவிட்டாள். அவள் பார்வை என் தோளைத் தாண்டிப் போனது.

“என்னம்மா, ஒரு ஹெல்மெட்டுக்கு இவ்ளோ நேரமா?”

வெற்றிச்செல்வன் சாலையைக் கடந்து வந்திருந்தார். கையில் டீ கிளாஸ். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

“அட, செம்மல் சார்! ஹெல்மெட் இல்லாமயா? உங்க வீட்ல நடந்ததுக்கப்புறமுமா?” குரலில் அக்கறை வழிந்தது. என் தோளில் கை வைத்தார். நான் அசையவில்லை. அசைய முடியவில்லை. “வெயில்ல சுத்தாதீங்க. வீட்டுக்குப் போங்க. தாழ்ப்பாள் போட ஆள் அனுப்பட்டுமா?”

“நாங்களே போட்டுக்குவோம் சார்,” என்றார் வேம்பு. “நீங்க ஏற்கெனவே ஒரு தடவ செரமப்பட்டு வந்துருக்கீங்க.”

வெற்றிச்செல்வனின் சிரிப்பு அப்படியே நின்றது. டீயின் மிச்சத்தை மண்ணில் ஊற்றினார்.

“நாலு நாலு ஒம்பது!”

ஹேமலதாவின் குதிகால்கள் டக்கென்று சேர்ந்தன. காலையில் போனில் கேட்ட அதே சத்தம். கைகள் உடம்போடு ஒட்டின. நானும் வேம்புவும் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தோம். அது வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

“இவங்கள அனுப்பிட்டு ஜீப்ல ஏறு. ஸ்டேஷன்ல வேல இருக்குது.”

அவள் உதடுகள் பிரிந்தன. ‘ஐ’ என்ற வடிவத்துக்கு வாய் வந்தது. சத்தம் வரவில்லை.

“ஏறுன்னு சொன்னேன்.”

“ஏற மாட்டேங்க.”

ஊருக்குக் கேட்கும் குரல் அது. ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சு நின்றது.

அவர் அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “ஹேமா, பைத்தியமா? எனக்கு ஒண்ணும் ஆவாது. நீதாம்மா உள்ள போவ. ஓட்டுனது நீ.”

“ஆமாங்க. ஓட்டுனது நான்தான்.” அவள் குரலைத் தாழ்த்தவில்லை. கெப்பியைக் கழற்றி மொபெட்டின் சீட்டில் வைத்தாள். “எட்டு மாசம் முன்ன வில்லியனூர் ரோட்ல இவரு சம்சாரத்த இடிச்சது லாரி இல்ல. எங்க ஜீப்பு. ஓட்டத் தெரியாதுன்னு சொல்லியும் ஓட்டச் சொன்னது இவரு. ஓட்டுனது நான். நாளைக்குக் கோர்ட்ல இதத்தான் சொல்லப் போறேன். நாளைக்குள்ள எனக்கு எதுனா ஆச்சுன்னா, நீங்க எல்லாரும் கேட்டுக்குங்க.”

போலீஸ் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊர் இது. யாரும் திருப்பிக்கொள்ளவில்லை. ஓர் ஆட்டோக்காரர் குனிந்து எஞ்சினை அணைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் அணைத்தார். டீக்கடைக்காரர் கரண்டியோடு சாலைக்கு வந்து நின்றார். வெற்றிச்செல்வன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் தோளிலிருந்த கை இறங்கியது.

ஹேமலதா என் பக்கம் திரும்பினாள். வலை அவள் விரல்களில் சுற்றியிருந்தது.

“யார் மேலயும் தப்பில்லன்னு அவங்க சொல்லவே இல்ல சார். வலியிலயும் கண்ணத் தொறந்து என் தொப்பியப் பாத்தாங்க. நான்தான் இடிச்சேன்னு அவங்களுக்குத் தெரியாது. சிரிச்ச மாதிரி இருந்துது. என் கையப் புடிச்சிக்கிட்டு உங்க நம்பர ஒவ்வொண்ணா சொன்னாங்க. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. அதுக்கப்புறம் எதுவும் சொல்லல.”

“என்ன?”

“‘போலீசு வந்துட்டீங்க இல்ல, இனிமே ஒண்ணும் ஆவாது. எங்க வீட்டுக்காரரு சும்மாவே பயப்படுவாரு. ஒரு போனப் போட்டு, பயப்பட வேணாம்னு சொல்லிடுங்க.’”